கோப்பிக் கதையின் மிச்சம்

அன்பு மகன்,

கோபத்தில் எழுதுகிற கடிதத்தையும் ஸலாம் சொல்லித்தான் தொடங்கவேண்டும் என்று உன் உம்மா பக்கத்தில் நின்று கட்டளை போடுகிறாள். அஸ்ஸலாமு அலைக்கும். கடமை முடிந்தது, இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

இரண்டு கிழமைக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீ இப்போது இருக்கிற விட்பியிலிருந்து போன் எடுத்தாய். அடுத்த மாதம் வளைகுடாவுக்கு விமானம் ஏறப்போகிற பிள்ளை, வாப்பாவின் பிரஷர் எப்படி, முழங்கால் எப்படி என்று கேட்கப்போகிறான் என்று நினைத்து ரிவியின் சத்தத்தைக் குறைத்தேன். நீ கேட்டது வேறு. "வாப்பா, அந்தக் கோப்பிக் கதையை முதல்லயிருந்து ஒருக்காச் சொல்லுங்கோ, நான் ரெக்கோர்ட் பண்ணுறன்" என்றாய். ஏனடா என்று கேட்டேன். சீனக் கம்பனியின் நேர்முகத்தில் நீ அந்தக் கதையைத்தான் சொன்னாயாம். மூன்று மனேஜர்மாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், ஒருவர் கையும் தட்டினாராம். வேலை கிடைத்ததே அதனால்தான் என்றாய். இப்போது, அங்கே புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாடம் நடத்த நீ தயாரிக்கிற ஸ்லைடுகளில் முதலாவது அதுதானாம். அரபு ஊர்களில் எப்படி மனிதர்களைப் பழக்கிக் காரியம் முடிப்பது என்பதற்கு உன் வாப்பா உதாரணமாம்! தொண்டை சரியில்லை, பிறகு சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். என் தொண்டைக்கு ஒன்றுமில்லை.

அதற்குப் பிறகு நான் மூன்று தரம் எடுத்தேன். ஒரு தரம் ரயிலில் நிற்கிறாய், ஒரு தரம் மீட்டிங்கில் இருக்கிறாய். மூன்றாம் தரம் வாய் திறந்து, அந்தக் கதையை எடுத்துவிடு மகன், அது நல்ல கதையில்லை என்றேன். "சில் பண்ணுங்கோ வாப்பா" என்றாய். "இது சொஃப்ட் பவர். யாரையும் அடிக்கேல்ல, வெருட்டேல்ல. மரியாதையா நடந்து காரியம் முடிக்கிறது. அமெரிக்கன் மாதிரிக் குண்டு போடுறதே?" சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கொல்கிறது. அந்த வார்த்தையை நீ யுனிவர்சிட்டியில் படித்தாய். நான் அதைக் கையால் செய்தவன். நீ காது கொடுக்கமாட்டாய் என்று தெரிந்துதான், நம்முடைய தமிழ்க் கடைகளின் வாசலில் இலவசமாகக் கிடக்கிற பத்திரிகைக்கு இதை எழுதிக் கொடுக்கிறேன். "வீட்டுக் கதையை ஏன் றோட்டில போடுறியள்?" என்று உம்மா கேட்கிறாள். அந்தக் கதையின் பாதியை நான் ஊர் முழுக்கச் சொல்லிப் புளுகினவன். மிச்சத்தையும் ஊருக்கு முன்னால் சொல்வதுதான் முறை.

தெரியாதவர்களுக்காகப் பாதிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கனடாவில், வோபர்னில் நாங்கள் இருக்கிற கட்டடத்தின் பார்ட்டி அறையில் நோன்பு திறக்கிற ஒவ்வொரு வருடமும், கஞ்சி குடித்து முடிந்த கையோடு தம்பி முறையான யாராவது ஒருவர் "காக்கா, அந்தச் சீனாக்காரன் கதை" என்று தொடங்குவார். நானும் எழும்பி நின்று சொல்வேன். வளைகுடாவில் நான் வேலை செய்த சீனக் கம்பனி துறைமுகம் கட்ட வந்தது. கடற்கரைக் கிராமத்தின் பெரியவர் இடம் விடமாட்டேன் என்று நின்றார். அங்கே ஒரு வழக்கம் உண்டு: விருந்தாளி கோப்பியைக் குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தால், அவனுக்கு ஏதோ பெரிய தேவை இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்காரர் "குடி, உன் காரியம் ஆயிற்று" என்று சொல்லியாக வேண்டும், சொன்னால் மாறக்கூடாது. சீனாக்காரன் கோப்பையைக் கீழே வைத்தான், பெரியவர் கையெழுத்து வைத்தார்! இந்த இடத்தில் எல்லாரும் கை தட்டுவார்கள். "மூளைக்காரன்கள்" என்பார்கள். நீ சின்னப் பெடியனாக சமோசாத் தட்டோடு முன் வரிசையில் இருந்து எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பாய். சிரிக்க வைத்தவன் நான், அதனால் உன்னில் மட்டும் பிழை சொல்ல எனக்கு வாயில்லை.

இனி நடந்தது. நீ புத்தளத்தில் உம்மாவோடு இருந்து நாலாம் வகுப்புப் படித்த காலம். நான் அங்கே மந்தூப். அதாவது கம்பனியின் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு கந்தோர் கந்தோராகத் திரிந்து, கும்பிடாத குறையாக நின்று முத்திரை வாங்கி வருகிற ஆள். நாட்டின் பேரையும் கிராமத்தின் பேரையும் இங்கே எழுதவில்லை. உனக்குத் தெரியும், அது போதும். முதலில் இருந்தது ஒரு ஐரோப்பியக் கம்பனி. அந்தத் துரைமார் விருந்தாளிகளை இருத்துகிற மஜ்லிசுக்குள் சப்பாத்தோடு ஏறுவார்கள், பெண்களின் உரிமையைப் பற்றிப் பிரசங்கம் வைப்பார்கள், நோன்பு நேரத்தில் எங்களுக்கு முன்னால் தண்ணீர்ப் போத்தலை உறிஞ்சுவார்கள். அவர்கள் போய்ச் சீனர்கள் வந்தபோது எனக்கு உண்மையாகவே மூச்சு வந்தது. அவர்களின் மனேஜருக்குச் சீனப் பேர் ஒன்று இருந்தது, ஆனால் அரபி படிக்கத் தொடங்கிய நாளில் சாலிஹ் என்று ஒரு பேரும் எடுத்துக்கொண்டவர். சீனாவில் அரபி படிக்கிற பிள்ளைகள் எல்லாருக்கும் அப்படி ஒரு பேர் உண்டாம். செய்தி வாசிக்கிறவர் போல இலக்கணமாகப் பேசுவார். கந்தோரில் இருக்கிற அரபிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள், ஆனால் அந்தச் சிரிப்பில் பிரியம் இருந்தது.

சாலிஹ் கெட்டவர் என்று நான் எழுதினால் என் கை அழுகிப்போகும். நோன்புக்குக் கிராமத்தில் கூடாரம் அடித்தார்கள். பேரீச்சம்பழப் பெட்டிகளில் சீனத்திலும் அரபியிலும் நட்பு என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பந்து விளையாட மைதானம் திருத்தினார்கள், சீனமொழி படிப்பிக்க ஒரு ரீச்சரைக் கொண்டுவந்தார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள் இரண்டு பேரைச் சீனாவுக்குப் படிக்க அனுப்பினார்கள். அந்த நாட்டு அரசாங்கத்துக்கும் அவர்களைப் பிடித்தது. எண்ணெய் வாங்குவார்கள், றோட்டும் துறைமுகமும் சொன்ன நாளில் கட்டித் தருவார்கள், நாட்டுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்கமாட்டார்கள். உனக்கும் ஒரு பரிசு வந்தது, ஞாபகமிருக்கும். என் பிள்ளைக்கு என்று சொல்லிச் சிவப்புத் தாளில் உன் பேரைச் சீன எழுத்தில் தூரிகையால் எழுதித் தந்தவர் சாலிஹ்தான். அதை நீ புத்தளத்திலிருந்து கனடாவுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு மேலே ஒட்டினாய். பிறகு போய்ச் சீனமொழி படித்தாய். பெடியனுக்கு எங்கேயிருந்து இந்த ஆசை வந்தது என்று ஊரெல்லாம் கேட்டது. எனக்குத் தெரியும் எங்கேயிருந்து வந்தது என்று.

கிராமத்தின் பெரியவர் அபூ ஸயீத். மீன்பிடிக்காரர்தான், ஷேக்கும் இல்லை ஒன்றும் இல்லை. கதையில் சில நேரம் நான் அவரை ஷேக் ஆக்கியிருக்கிறேன், அதுவும் புளுகுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் அவருடைய மஜ்லிசில் போய் இருப்பேன். வீட்டு முன்கட்டில் பாய் விரித்த ஒரு அறை, கடலுக்குத் திறந்த யன்னல், அவ்வளவுதான் மஜ்லிஸ். கம்பனிக்காக நான் போகவில்லை. எனக்கு அங்கே யார் இருந்தார்கள்? கறி மணக்கிற வீடு ஒன்றுக்குள் கொஞ்ச நேரம் இருக்க ஆசைப்பட்டுப் போனேன். உங்கள் எல்லாருடைய பேரும் அவருக்குப் பாடம். அந்தக் கோப்பை வழக்கத்தை அவர்தான் எனக்குச் சொன்னார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. அவருடைய தம்பியை ஒருவன் காரால் அடித்துக் கொன்றுவிட்டான். அடக்கமும் மற்றக் கடமைகளும் முடிந்து மூன்றாம் மாதம், கொன்றவனின் தகப்பன் வந்து அதே பாயில் இருந்து, கொடுத்த கோப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாராம். அபூ ஸயீத் அழுதுகொண்டே "குடியுங்கள்" என்றாராம். வேறு வாசல் ஒன்றும் இல்லாதவனுக்காக வைத்த வழக்கம் அது என்று சொன்னார்.

இதைக் கேட்டுவிட்டு வந்த நான் என்ன செய்தேன்? அடுத்த கிழமை காரில் சாலிஹுக்குச் சொன்னேன். நகரசபைக்குப் போகிற வழி, நீளப் பாதை, பேச ஒன்றும் இல்லை. பெரிய ஆள் மாதிரி, அரபிகளைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று காட்டுவதற்காகச் சொன்னேன். செத்த தம்பியைப் பற்றிச் சொல்லவில்லை, அது கதையை நீட்டும் என்று விட்டுவிட்டேன். சாலிஹ் சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். அவர் எதைக் கேட்டாலும் எழுதுவார். எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மந்தூப் ஒருவன் சொன்னதை மனேஜர் எழுதுவதென்றால் சும்மாவா!

இடத்தை எடுக்க மந்திரியின் அனுமதி எல்லாம் கிடைத்துவிட்டது, ஆனால் சத்தம் சலசலப்பு இல்லாமல் கிராமமே சம்மதம் எழுதித் தரவேண்டும் என்று மேலே விரும்பினார்கள். சீனர்களும் அதைத்தான் விரும்பினார்கள். படத்தில் எல்லாரும் சிரித்தபடி நிற்கவேண்டும் அவர்களுக்கு. மூன்று தரம் போய்க் கேட்டார்கள். அபூ ஸயீத் மூன்று தரமும் சாப்பாடு போட்டு, முடியாது என்று அனுப்பினார். நாலாம் தரம் சாலிஹ் என்னையும் கூட்டிப்போனார். அறை நிறைய ஆட்கள். அபூ ஸயீத்தின் மகன் கஹ்வாக் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தான். சாலிஹ் வலது கையால் வாங்கினார், நன்றி சொன்னார், குடிக்காமல் பாயில் வைத்தார்.

மகன், நான் எத்தனையோ தரம் இந்த இடத்தில் நிறுத்திச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. ஊற்றிக்கொண்டிருந்த பெடியன் அப்படியே நின்றான். அபூ ஸயீத் சாலிஹைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் என் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேண்டுமென்றால், இது அந்நியன், இவனுக்கு வழக்கம் தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். ஆனால் தெரிந்துதான் வைத்தான் என்பது அவருக்கு விளங்கிவிட்டது, யார் சொல்லிக் கொடுத்தது என்பதும் விளங்கிவிட்டது. "குடி, உன் காரியம் ஆயிற்று" என்றார். சாலிஹ் குடித்தார். நானும் குடித்தேன். போகும்போது சாலிஹ் காரில் என் தோளைத் தட்டி, "எங்கள் நாட்டில் ஒரு ஆசானுக்குச் செய்கிற மரியாதையை உமக்குச் செய்யவேண்டும்" என்றார். எனக்குச் சந்தோஷப் புளுகம் தாங்கவில்லை. அன்றைக்கே உம்மாவுக்குப் போன் எடுத்து இந்தக் கதையைச் சொன்னேன். அதுதான் முதல் தரம்.

பொய் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் என் எரிச்சல், யாரைப் பிடித்துத் திட்டுவது என்று தெரியவில்லை. இரண்டு மலை தள்ளிப் புது இறங்குதுறை கட்டித் தந்தார்கள். ஐஸ் அறை, கொங்கிரீற் படி, வெளிச்சம், தொழுகைக்கு இடம், கடதாசியில் எழுதினபடி ஒன்று விடாமல், சொன்ன நாளுக்கு முன்பே. ஆனால் தெற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் அந்த வளைவுக்குள் வள்ளம் இறக்க முடியாது. அது கிராமத்தில் எல்லாருக்கும் தெரியும், சம்மதம் எழுதுவதற்கு முதல் யாரும் அவர்களைக் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் நான்தான் செய்துவிட்டேனே. இரண்டு வருடத்தில் இளம் பெடியன்கள் எல்லாம் துறைமுகத்தின் கேற்றில் செக்யூரிட்டி உடுப்போடு நின்றார்கள். அன்றைக்குக் கோப்பி ஊற்றின மகன் அதில் ஒருவன். என் பாஸை மட்டும் பார்த்துவிட்டுக் கேற்றின் தடுப்புத் தடியை உயர்த்துவான்.

இதைச் செய்தவன் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்தை விட்டு இரண்டு மணித்தியாலத்தில் போ என்று சொல்லப்பட்ட ஒரு ஆள். உன் வயதில்கூட நான் இல்லை அப்போது. என் வாப்பாவின் தையல் மெசினைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பூட்டின கதவின் திறப்பையும் கேட்டவர்களிடம் கொடுத்துவிட்டு நடந்தவன். புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் இருந்துகொண்டு, எங்களை ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லையே என்று வருடக்கணக்காகப் புலம்பினவன். எங்களை அனுப்பினவர்கள் துவக்கோடு வந்தார்கள். நான் கோப்பையோடு போனேன். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, ஆனால் வள்ளம் இறக்க இடமில்லாதவனுக்கு அந்த வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

கனடா வர விசா சரிவந்தது. சாலிஹ் எழுதித் தந்த புகழ்ச்சிக் கடிதம் இல்லையென்றால் வந்திருக்காது, அதையும் நீ தெரிந்துகொள். வெளிக்கிடுவதற்கு முதல் வெள்ளிக்கிழமை, எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அபூ ஸயீத் வீட்டுக்குப் போனேன். வா என்றார். பாயில் இருத்தினார். பிள்ளைகளைப் பேர் சொல்லி விசாரித்தார். தானே எழும்பிக் கோப்பி ஊற்றித் தந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தால் போதும், அவர் மன்னித்தே ஆகவேண்டும். அந்த வழக்கம் அதற்கென்றே உள்ளது. கை கீழே போனது மகன், அல்லாஹ் சத்தியமாகப் போனது. இன்னொரு தரம் அந்த மனிசனின் வாயைக் கட்டிப்போடவா என்று மனதில் வந்தது. சாதாரணமாக வாய் திறந்து கேட்டிருக்கலாம். அதற்கும் முடியாது என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். குடித்துவிட்டு எழும்பிவந்தேன். வாசலில் நின்று, பத்திரமாகப் போ என்றார். இந்த மிச்சத்தை நான் பார்ட்டி அறையில் ஒரு நாளும் சொன்னதில்லை. உன் உம்மாவுக்கே இப்போதுதான் தெரியும். வாசித்துவிட்டுப் போய்த் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்தாள்.

இனி உன்னோடு சண்டை. நான் உன்னைப் போகவேண்டாம் என்று சொல்லவில்லை. சீனனோடு வேலை செய்யாதே என்றும் சொல்லவில்லை. துரைமாரோடு செய்தால் மட்டும் சுவனமா? நீ நல்லாகச் சீனம் பேசுகிறாய், அரபியும் பேசுகிறாய், சபையில் இருக்கப் பழகினவன், மனிதருக்கு உன்னைப் பிடிக்கும். அதுதான் எனக்குப் பயம். உன்னை முரடன் என்று யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள். கதவைத் திறந்து, சோறு போட்டு, பிள்ளைகளின் பேர் சொல்லி, தங்களின் செத்தவர்களைப் பற்றியும் உனக்குச் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து கம்பனிக் காரில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க உன்னால் முடியுமா? எனக்கு முடியவில்லை. ஒருவருக்கு உன்னில் உள்ள பிரியத்தைக் கொண்டுபோய் இன்னொருவரின் கொப்பியில் எழுதக் கொடுக்காதே. உன் ஸ்லைடைப் பார்த்துப் பாடம் எடுக்கிற இருபது பிள்ளைகள் இருபது கிராமத்துக்குப் போய்க் கோப்பையைக் கீழே வைப்பார்கள். பிறகு உண்மையில் வேறு வாசல் இல்லாத ஒரு தகப்பன் அந்தப் பாயில் வந்து இருந்தால், இவனும் கம்பனி ஆள்தானா என்று பார்ப்பார்கள். அந்தத் தகப்பனுக்கு நீ என்ன பதில் சொல்வாய்?

ஆகவே அந்த ஸ்லைடை எடு. நேர்முகத்தில் சொன்னது போனது, அதற்கு நான் பொறுப்பு. இது உன் பொறுப்பு. ஏன் எடுத்தாய் என்று மனேஜர் கேட்டால், கதை சொன்ன ஆள் பாதியைத்தான் சொல்லியிருந்தார், மிச்சம் இப்போதுதான் வந்தது என்று சொல். அதனால் வேலை போனால் வோபர்னுக்கு வா, உன் அறையில் அந்தச் சிவப்புத் தாள் இன்னும் ஒட்டினபடியே இருக்கிறது.

நீ வேலை செய்யப்போகிற இடத்திலிருந்து அந்தக் கடற்கரைக்குக் காரில் இரண்டு மணித்தியாலம். ஒரு வெள்ளிக்கிழமை போ. கம்பனிக் காரில் போகாதே. அபூ ஸயீத் இருக்கிறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது, விசாரிக்க எனக்கு முகமில்லை. இல்லையென்றால் அந்த மகன் இருப்பான். கோப்பி தருவார்கள். கடைசிச் சொட்டு வரை குடித்து, போதும் என்பதற்கு அவர்கள் ஆட்டுவது போலக் கோப்பையை ஆட்டிக் கையில் திருப்பிக் கொடு. அதற்குப் பிறகுதான் நீ யாருடைய மகன் என்று சொல்லவேண்டும், அதற்கு முதல் சொல்லாதே. குடித்து முடித்தவனுக்கு அவர்கள் எதையும் கொடுக்கத் தேவையில்லை. எழும்பிப் போ என்றால், மறுபேச்சுப் பேசாமல் எழும்பி வா. இரு என்று சொன்னால் மட்டும், எந்த நேரமென்றாலும் எனக்குப் போன் எடு.

உன் வாப்பா